பதினோரு பன்றித்தொடையும் ஓர் இருமலும்

பேக்கரி அடுப்புக்காரரை எல்லோரும் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மூக்கெல்லாம் இல்லை, மிளகாய்க் காம்பு மாதிரி ஒன்று. ஆனால் ரொட்டி வெந்துவிட்டதா என்று அடுப்புக் கதவைத் திறக்காமலே சொல்லிவிடும். அடுத்த தெருவில் யார் வீட்டுப் பால் தீய்கிறது என்றும் சொல்லும், யாரும் கேட்காவிட்டாலும்.

பண்டிகைக்கு முந்தின நாள், வீட்டு அடுப்பில் அடங்காத பன்றித்தொடைகளை அக்கம்பக்கத்தார் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். உப்பில் ஊறி, வெந்து, தோல் உரிந்து, மேலே கிராம்பு குத்தி வரும். அவர் சர்க்கரையும் கடுகு விழுதும் ஆரஞ்சுச் சாறும் குழைத்துப் பூசி உள்ளே தள்ளுவார். அந்தப் பாகு பொன்னாவதற்கும் கரியாவதற்கும் நடுவே நாலு நிமிஷம்தான். கடிகாரம் உதவாது. அந்தக் கிழட்டு விறகடுப்பு நேற்று எரிந்த மாதிரி இன்று எரியாது. கதவைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு ஓடிவிடும். மூக்குதான் எல்லாம்.

போன மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அந்த மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது.

முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலையோடு, பேக்கரிக்குப் பின்னால் குடியிருக்கும் அறையும் போகும். விஷயம் தெரிந்தது ஒரே ஆளுக்கு, கடையில் ரொட்டி எடுத்துக் கொடுக்கும் அவர் மனைவிக்கு.

"நீங்க பாட்டுக்கு மோந்து பாக்கிற மாதிரி நில்லுங்க. எடுக்கிற நேரத்துல நான் இருமுறேன்."

ஒரு மாதமாக ஒரு ரொட்டிகூடத் தீயவில்லை. முதலாளிதான், "இந்தம்மாவுக்கு இருமல் விடவே மாட்டேங்குதே" என்று மருந்து வாங்கிக் கொடுத்தார். பாவம், நல்ல மனுஷன்.

அன்று உள்ளே பதினோரு தொடைகள். வாசல்வரை ஆட்கள், தட்டும் துணியுமாக. மூக்கண்ணன் மீனுக்கு நிற்கும் கொக்கு மாதிரி கண்ணை மூடி நின்றார்.

"அண்ணே, லேசா தீஞ்ச வாடை வருதே" என்றார் வரிசையில் முதல் ஆளான தையல்காரர்.

மூக்கண்ணன் ஒரு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அவள் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். இருமவில்லை.

"உங்களுக்கு ஊசி, எனக்கு மூக்கு. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்."

வரிசை சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரித்தவர்களே, "ஐயோ, கருகுதுங்க!" என்றார்கள். அவள் இருமவில்லை. ஊரே தப்பாகச் சொல்லலாம், அவள் சொல்லமாட்டாள். அவர் அசையவே இல்லை.

மாடியிலிருந்து ஓடிவந்த முதலாளிதான் கதவைத் திறந்தார். பதினொன்றும் கரிக்கட்டை.

"இத்தனை பேர் கத்துறாங்க, உனக்கு மூக்கு இருக்கா இல்லையாய்யா?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அதுவே பதிலாகிவிட்டது.

"அவரைத் திட்டாதீங்க ஐயா" என்று அவள் குறுக்கே வந்தாள். "எனக்கு மூணு நாளா ஜலதோஷம்."

முதலாளி முழித்தார். கேட்டுக் கேட்டு முழுக் கதையையும் வாங்கியபின் அவர் கத்தவில்லை. பண்டிகை முடிந்ததும் அறையைக் காலி செய்யும்படி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தையல்காரர் தான் கொண்டுவந்த பன்றித்தொடையைத் தொடவே இல்லை. "நீங்களே தின்னுங்க" என்று போய்விட்டார்.

அறையில் அவர் கேட்டார்: "ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா பயப்படுவீங்க. நேத்தும் முந்தாநேத்தும் குத்துமதிப்பாத்தான் இருமினேன். சரியா அமைஞ்சுது."

"இன்னைக்கு?"

"இன்னும் ஒரு நிமிஷம் போகட்டும்னு நெனச்சேன். அவங்க கத்தியும் நீங்க அசையலையா, மூக்கு திரும்பிடுச்சாக்கும்னு இருந்துட்டேன்."

தையல்காரர் விட்டுப்போன தொடையின் கரியை அவர் கத்தியால் சீவினார். உள்ளே இளஞ்சிவப்பாக, நன்றாகத்தான் இருந்தது. இருவரும் தின்றார்கள். உப்பு தெரிந்தது. கொஞ்சம் கசப்பு. வேறொன்றும் தெரியவில்லை.

"நாளைக்கு மூட்டை கட்டணும்" என்றாள் அவள். சொன்னதும் இருமல் வந்தது, நிஜ இருமல்.

கையிலிருந்த கறித்துண்டைப் போட்டுவிட்டு அவர் சட்டென்று எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார்.