டாஷ்போர்டில் பொங்கிய இட்லி மாவு

காலையில் கண்ணைத் திறக்கும் முன்பே மூக்கு விழித்துக்கொள்ளும். டீசல் வாசனை, ஈர டவல் வாசனை, எல்லாவற்றுக்கும் மேலே புளித்த மாவின் வாசனை... வண்டியே வீடான எங்கள் மோட்டர்ஹோமுக்கென்றே ஒரு மணம் இருந்தது. அதை நாற்றம் என்று சொன்னவர்களை நான் மறுபடி காபிக்குக் கூப்பிட்டதில்லை!

நிலாவுக்கு அப்போது எட்டு வயது. என் வீட்டுக்காரர் செந்தில் ஏஜென்சி நர்ஸ். சில வாரம் ஓர் ஊர் ஆஸ்பத்திரி, அப்புறம் வேறு ஊர். நான் கிரான்பர்ன் வாடகை வீட்டிலிருந்து தினமும் ரயில் பிடித்து மெல்பர்ன் சிட்டி ஆபீஸுக்குப் போய் வந்தேன். கிளம்பும்போது பிள்ளை தூங்கும்; அவளை ஸ்கூலுக்கு அனுப்பச் சம்பளத்துக்கு ஓர் ஆள். திரும்பும்போது பாதித் தூக்கம்.

ஒரு நாள் ஸ்கூலில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். நிலா அப்பாவை மட்டும் ஒரு போன் ஸ்கிரீனுக்குள் வரைந்துகொண்டு வந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த மாதமே பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கி, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். செந்திலுக்கு எந்த ஊரில் வேலையோ, அந்த ஊரில் நாங்கள்.

எழுந்தால் தலை இடிக்கும், திரும்பினால் முழங்கை இடிக்கும். கோபித்துக்கொண்டு போக இன்னொரு ரூம் கிடையாது என்பதால் எங்கள் சண்டைகளுக்கு ஆயுசே இல்லை. நிலாவுக்கு ஆன்லைனில் ஸ்கூல், ஜன்னலுக்கு வெளியே கடல்... சொர்க்கம் போங்கள்.

முன்சீட்டைப் பின்பக்கம் திருப்பினால் அதுதான் என் ஆபீஸ். முதுகுக்குப் பின்னால் டாஷ்போர்டையும் முன்கண்ணாடியையும் மறைக்க ஒரு திரை. கேமராவில் பார்த்தால் ஏதோ பெரிய வீட்டு ஹால் போலத் தெரியும்.

மேனேஜர் கிரெக்குக்குத்தான் இதில் நம்பிக்கையே இல்லை. புது கிளையன்டுக்கு வீடியோ காலில் நான் டெமோ கொடுக்க வேண்டியிருந்தது.

"இது ஒழுங்கா முடிஞ்சா நீ எங்கிருந்து வேணும்னாலும் வேலை பாரு. சொதப்பினா ஆபீஸுக்கு வந்துடு. அப்புறம், நீ வண்டியில இருக்கறது அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

அவர் சொன்னது இங்கிலீஷில்தான். நான் மனசுக்குள் திட்டியது தமிழில். ஆபீஸ் என்றால் மறுபடி ரயில், மறுபடி போன் ஸ்கிரீனுக்குள் அப்பா.

அப்போது கிப்ஸ்லாந்து பக்கம் இந்த மாதிரி வண்டிகள் தங்கும் ஒரு கடலோரக் கேரவன் பார்க்கில் இருந்தோம். டெமோ அன்று காலையில் இருவரையும் வெளியே அனுப்பினேன்.

"ஏங்க, என்ன ஆனாலும் சரி, நான் கூப்பிடற வரைக்கும் கதவைத் தட்டக் கூடாது."

"தட்டவே மாட்டேன்மா."

"நிலா?"

"ப்ராமிஸ்மா."

இதில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் குளிரில் முதல் நாள் அரைத்த மாவு புளிக்கவே இல்லை. இங்கே குளிர்காலத்தில் இட்லி மாவைப் புளிக்க வைக்க நாம் படும் பாடு உங்களுக்கே தெரியும். கம்பளியில் சுற்றுவோம், ஹீட்டர் பக்கத்தில் காவல் வைப்போம். செந்திலின் கண்டுபிடிப்பு டாஷ்போர்டு. காலை வெயில் முன்கண்ணாடியில் அடித்தால் அங்கே நம்ம ஊர் சித்திரை மாதம்தான். மாவு டப்பாவை அங்கே வைத்து, திரையையும் இழுத்து விட்டுவிட்டு வெளியே போயிருக்கிறார் மனிதர்.

டெமோ அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. பாதியில், டிரைவர் பக்கக் கதவு மெல்லத் திறக்கும் சத்தம்.

தட்டக் கூடாது என்றுதானே சொன்னேன்... திறக்கக் கூடாது என்று சொல்லவில்லையே!

மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு டாஷ்போர்டில் வழிவதை அப்பாவும் மகளும் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்கள். செந்தில் பூனை மாதிரி ஏறி டப்பாவைத் தூக்க, மாவில் ஒட்டியிருந்த திரையும் கூடவே வந்தது. கொக்கிகள் படபடவென்று கழன்றன.

கேமராவில் என் தோளுக்குப் பக்கத்தில் ஸ்டியரிங். அதன் மேலே முழங்கை வரை மாவோடு என் வீட்டுக்காரர்.

கிளையன்ட் பக்கத்துத் தலைவி ஹெதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கவிதா, நீ வண்டி ஓட்டிக்கிட்டா இருக்கே?"

கிரெக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"இல்ல, வண்டி நிக்குது. இதுதான் எங்க வீடு. அவர் என் ஹஸ்பண்ட். அவர் கையில இருக்கறது எங்க டிபன்."

அப்போது கதவுப் பக்கமிருந்து நிலாவின் குரல்.

"அம்மா, வீ டிடின்ட் நாக்!" அவர்கள் கதவைத் தட்டவே இல்லையாம்!

முதலில் சிரித்தது ஹெதர்தான். அப்புறம் அத்தனை பேரும். அது என்ன மாவு என்று அவர் கேட்க, செந்தில் நோயாளிக்கு மாத்திரை விளக்குகிற அதே முகத்தோடு இட்லியை விளக்கினார். பிறகு ஹெதரே, "சரி, விட்ட இடத்துலேருந்து சொல்லு" என்றார். சொன்னேன். முடித்தேன்.

சாயங்காலம் கிரெக் போன் செய்தார். "நீ அங்கேயே இரு. மாவை மட்டும் தள்ளி வை."

மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் வண்டியே ஆடியது. தப்பித்த மாவில் அன்றைக்கு ஊத்தப்பம். டாஷ்போர்டு துவாரத்துக்குள் போன மாவு போனதுதான். அதன் பிறகு ஹீட்டர் போட்டாலே சுட்ட தோசை வாசம்!

இப்போது சிட்னி கெல்லிவில்லில் சொந்த வீடு. செந்திலுக்கு நிரந்தர வேலை. ஆளுக்கொரு ரூம், எனக்குக் கதவு வைத்த ஸ்டடி. ஹை ஸ்கூல் போகும் நிலா மாடியிலிருந்து "டின்னர் ரெடியா?" என்று மெசேஜ் அனுப்புகிறாள். குறை என்று ஒன்றும் இல்லை. மீட்டிங் நடுவில் யாரும் வருவதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு பெரிய மீட்டிங். திடீரென்று கதவு திறந்தது.

"அம்மா, என் சார்ஜர் பாத்தியா... ஓ, சாரி சாரி!"

"போகாதடி, உள்ள வா. தேடலாம்."

சார்ஜர் என் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன் மேல் ஒரு ஃபைலை நகர்த்தி வைத்துவிட்டு, அவளோடு சேர்ந்து தேட ஆரம்பித்தேன்.