அடி வளையத்தில் அத்தை பெயர்

நீல எனாமல் பெயிண்ட் வாசனை எங்கே அடித்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்...

கல்யாணமாகி, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்கு வந்த புதிது. அந்த வீட்டுக்கு கேஸ் அடுப்பும் அப்போதுதான் வந்திருந்தது. படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை எங்கள் பக்கம் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். கதவு, ட்ரங்குப் பெட்டி, தொட்டி மூடி... கண்ணில் பட்டதெல்லாம் படகு நிறமாகிவிடும்.

முதல் சிலிண்டர் தீர்ந்தது. உப்புக் காற்றில் அடியெல்லாம் துரு. சிமெண்ட் தரையில் வட்டமாகக் கறை வேறு. அந்த வாரம் நாத்தனார் செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள், சமையல்கட்டு பளிச்சென்று இருக்க வேண்டாமா?

காலி சிலிண்டரை வாசலில் வைத்து, நானும் செல்வியும் நீலம் அடித்தோம். நடுவில் மஞ்சள் பட்டை. அதன்மேல் அத்தை பெயர்... தனம்மா.

அத்தைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. படகில் மாமா பெயர், வீட்டுக் கதவிலும் மாமா பெயர். தன் பெயரை ஒரு பொருளின்மேல் அன்றுதான் பார்க்கிறார். அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

இரண்டு நாள் பக்கத்து வீட்டு அடுப்பில் ஒப்பேற்றிய பிறகு கேஸ் வண்டி வந்தது. வந்தவர் எங்கள் சிலிண்டரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னாக்கா இது? வெயிட்டு, டெஸ்ட் தேதி ஒண்ணும் தெரியல. சிலிண்டருக்கு நாம பெயிண்ட் அடிக்கக் கூடாதுக்கா. இத நான் எடுத்துனு போவ முடியாது."

வண்டி வாரம் ஒருமுறைதான் வரும். மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் வருகிறார்கள். இனி எதற்கு என்று பழைய விறகடுப்பை இடித்துத் தள்ளியதும் நான்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்ல மனிதர் அவர். பக்கத்துக் குப்பங்களுக்குப் போய்விட்டு வருவதற்குள் துடைத்து வைக்கச் சொன்னார். துருவையெல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமாம். எப்படியும் இதே சிலிண்டர் திரும்பி வராதாம்.

அதுதான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்முடையதையே நிரப்பித் தருவார்கள் என்றல்லவா நினைத்திருந்தோம்? படகை ரிப்பேருக்கு விட்டால் நம் படகுதானே திரும்பி வரும்...

மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தோம். பழைய சிவப்பும் கொஞ்சம் கையோடு வந்தது. அத்தை பெயரைத் துடைக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. அத்தையே துணியை வாங்கி ஒரே இழுப்பில் அழித்துவிட்டுச் சொன்னார்:

"அடியில உள்பக்கமா சின்னதா எழுதிடு. போற வூட்ல, யாரு வூட்லேர்ந்து வந்துதுன்னு தெரிய வாணாமா?"

சிலிண்டரைக் கவிழ்த்து அடி வளையத்துக்குள் எழுதினேன். வண்டிக்காரர் திரும்பி வந்து எண்களைப் பார்த்தார்... அதையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்.

மறுநாள் கேசரி மணத்தது. செல்வி கல்யாணமும் அந்த இடத்திலேயே முடிந்தது.

இப்போது பொன்னேரியில் இருக்கிறோம். போனில் ஒரு பட்டனை அழுத்தினால் சிலிண்டர் வாசலுக்கு வருகிறது. வாசலில் உட்கார்ந்து தேய்க்கிற வேலை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதைச் சாய்த்து அடியைப் பார்க்கிறேன். கொண்டு வருகிற தம்பி லீக்கோ என்று பயப்படுகிறான்.

நேற்றும் உள்ளே டிவி முன்னாலிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"ஏம்மா, நான் வந்துட்டனா பாரு."

"இன்னும் இல்லத்த... எந்த ஊரு சுத்தினு இருக்கீங்களோ."