முகத்தில் சோப்புப் போட்டால் விழுகிறாள்

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவாள். எழுத்தும் கிறுக்கலாகிப் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். சத்துக் குறைவு என்று சிவகாசியில் டானிக் கொடுத்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டாசுக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, அவளை மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

நரம்பு டாக்டரும் அவளைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தவளைத் தாங்கிக்கொண்டே, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார்.

"மாமன் மகனைத்தான் கட்டியிருக்கேன்."

ரத்தப் பரிசோதனையில் கை கால் தடுமாறவைக்கும் பரம்பரை நரம்பு நோய் என்று தெரிந்தது. முழுதாகக் குணமாகாது, பயிற்சியால் நடையைக் கொஞ்சகாலம் காப்பாற்றலாம் என்றார்.

மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். "டீச்சர், அவ வேணும்னு கிறுக்கல. கை தடுமாறுது. இனிமே திட்டாதீக," என்றேன். மாடியிலிருந்த அவள் வகுப்பைக் கீழே மாற்றச் சம்மதிக்கும்வரை நான் அங்கிருந்து கிளம்பவில்லை.