கல் ரோட்டில் காற்றை இறக்கியவன்

மாரியம்மாவை நம்பும் என் சொந்தங்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அது பெரிய பாவம்.

போன ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வடக்கு மலைக்குள் இருக்கும் ஒரு செல்போன் டவருக்கு பேட்டரி ஏற்றிக்கொண்டு, அரபு நாட்டில் நாங்கள் தங்கியிருந்த புஜைரா கேம்ப்பிலிருந்து ஃபோர் வீல் வண்டியில் கிளம்பினோம். நான் டிரைவர். கூட வந்தவன் நேசன், ஹட்டன்காரன், டெக்னீஷியன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

பதினோரு வருஷம் பாலைவன மணலில் ஓட்டிய திமிர் எனக்கு. தார் ரோடு முடிந்ததும், மணலில் புதையாமல் இருக்கச் செய்கிற மாதிரியே நாலு டயரிலும் காற்றை இறக்கினேன்.

“அண்ணே, இது மணல் இல்லையே, கல்லு. டயர் கிழிஞ்சிடும்” என்றான் நேசன்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா? பேசாம உக்காரு.”

ஒரு மணி நேரத்தில் கல் ஒரு டயரைக் கிழித்தது. ஸ்டெப்னியை மாட்டினோம். நாலு வளைவு தாண்டுவதற்குள் இன்னொன்றும் போனது. கலாஸ், எல்லாம் முடிந்தது. போனில் சிக்னல் இல்லை. மதியத்துக்குள் தண்ணீரும் தீர்ந்தது. சிக்னல் தேடி மேடு ஏறிய நேசன் பாதியில் சுருண்டு விழுந்தான். வண்டி நிழலுக்கு இழுத்து வந்தேன். உடம்பு கொதித்தது. வேர்வை நின்றுவிட்டது. பிள்ளைகள் பேரைச் சொல்லி உளறினான்.

அப்போது என் மனசு போன போக்கைக் கேளுங்கள். இவன் செத்துவிட்டால், காற்றை இறக்கச் சொன்னதே இவன்தான் என்று கம்பெனியில் சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி நினைத்த பாவி நான்.

“தாயே, மொட்டை போடறேன், தீ மிதிக்கிறேன்” என்று ஆரம்பித்தேன். அந்த நேர்த்திக்கடன் என் பாவத்துக்குப் போதாது என்று பட்டது. தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதேன். “இவனக் காப்பாத்திக் குடு. தப்பு என்னுதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.”

கொஞ்ச நேரத்தில் ஒரு பிக்கப் சத்தம். காணாமல் போன ஆட்டைத் தேடி வந்த பாகிஸ்தான்காரர் ஒருவர். “கியா ஹுவா பாய்?” என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இறங்கியவர், கேன் தண்ணீரை நேசன் மேல் ஊற்றி, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அந்தப் பாதைக்கு அவர் வந்தே மாசக்கணக்கில் ஆகிறதாம். அவரை யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும்.

நேசன் பிழைத்தான். ஆனால் கிட்னி பழுதாகி ஊருக்குப் போய்விட்டான். கேம்ப் ஆட்கள் எல்லோரும் நிற்க, சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். டிரைவர் வேலை போனது. இப்போது குடோனில் சுமை தூக்குகிறேன்.

மனசில் நினைத்த அந்தப் பாவத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் நேசனுக்குப் போன் பண்ணி அதையும் சொன்னேன். முழுசாகக் கேட்டான். பிறகு, “அண்ணே, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டான்.

அன்றைக்குத்தான் நான் பிழைத்தேன். இக்கட்டில் இருக்கிறவர்களே, நீங்களும் அம்மாவைக் கூப்பிடுங்கள். ஒன்றையும் மறைக்காமல் கூப்பிடுங்கள். வருவாள்.