கடல் எங்கே ஓடிப் போகிறது?

என் தங்கை சாருலதாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் அசட்டுத்தனத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

சாரு மயிலாப்பூரில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில் நாக்பூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கே தபால் பிரிக்கும் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். கோழி கிளறின மாதிரி எழுதின விலாசம், மழையில் நனைந்து மை பரவின விலாசம், எது வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் போகுமாம். முப்பத்தெட்டு வருஷம் ஊரார் கையெழுத்தையெல்லாம் படித்த கண். அவள் ரிட்டையர் ஆன மாதமே டாக்டர் சொல்லிவிட்டார், கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டு வருகிறது, சரிபண்ண வழியில்லை என்று. இருட்டினால் அப்போதே ஒன்றும் தெரியாது. பகல் வெளிச்சத்தில் இன்னும் ஆறேழு மாதம் தெரியும், அவ்வளவுதான். பெண் மதுமதியைத் தவிர யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு படிப்பீர்கள்.

போன வருஷம் பிப்ரவரியில் போன் பண்ணினாள். "அண்ணா, நாலு நாள் மெட்ராஸ் வரேன். பெசன்ட் நகர்ல கடலைப் பாத்தாப்பல ரூம் போட்டிருக்கேன். டூரிஸ்ட் மாதிரி இருந்துட்டுப் போறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ! "பொறந்தாம் கல்லுக்குண்டா இருக்கறச்சே லாட்ஜ்ல தங்குவியா? நாலு பேர் கேட்டா நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது? தங்கைக்கு ஒரு வாய் சாதம் போடத் துப்பில்லாதவன்னு பேசமாட்டா?"

"ஜன்னலைத் தொறந்தா கடல் தெரியுமாம். அதுக்காகத்தான் அண்ணா."

"கடல் எங்க ஓடிப் போறது? நம்மாத்துல இருந்துண்டே பாக்கலாம். நான் அழைச்சுண்டு போறேன்."

என் மனைவி விசாலாக்ஷி பக்கத்தில் நின்று, "அவ இஷ்டத்துக்கு விடுங்கோளேன், நாலு நாள்தானே" என்றாள். "நீ சும்மா இரு" என்றேன். எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கிற வழக்கம் சாருவுக்குச் சின்ன வயசிலிருந்தே கிடையாது. ரூமை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சென்ட்ரலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

எங்கள் மனுஷர்கள் வெளியூர்ச் சொந்தத்தை உபசரிக்கிற அழகு இருக்கிறதே, அது தனி. ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் கதை கந்தல். "அவாத்துக்குப் போகத் தெரிஞ்சுது, நம்மாத்து வாசல் மட்டும் கண்ணுக்குத் தெரியலையாக்கும்" என்று பத்து வருஷம் சொல்லிக் காட்டுவார்கள். அதற்குப் பயந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நானே ஒரு பட்டியல் போட்டேன். மந்தைவெளியில் காலை டிபன், மாம்பலத்தில் மத்தியானக் காபி, நங்கநல்லூரில் ராத்திரி அடை. நாலு நாளில் பதினோரு வீடு. கணக்கு வாத்தியார் இல்லையா, ஒரு மணி நேரம்கூட வீணாகாமல் போட்டிருந்தேன். எல்லார் வீட்டிலும் குங்குமம், வெற்றிலைபாக்கு, ரவிக்கைத் துணி. சாரு ஒவ்வொருவர் கிட்டேயும் நெருங்கிப் போய் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தாள். மாம்பலம் அத்தைகூடக் கேலி பண்ணினாள்: "என்னடி இது, பொண் பாக்க வந்தவ மாதிரி மேலயும் கீழயும் பாக்கறே?" எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

இரண்டாம் நாள் காலையில், "அண்ணா, வெயில் வந்தப்புறம் பீச்சுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள்.

"வெயில்ல பீச்சுக்கு யார்டி போவா? மண்டை பொளந்துடும். சாயங்காலம் போறோம்."

மெட்ராஸ்காரன் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பான். எங்களுக்குக் கடல் என்றால் காற்று. சூரியன் இறங்கினபிறகு, வியர்வை அடங்கப் போய் உட்காருகிற இடம். வெயிலில் அதை நின்று பார்க்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டால் நாக்பூர்ப் பைத்தியம் என்றுதான் தோன்றும். அன்று மாம்பலத்துக் காபி முடிந்து, டிராபிக்கில் ஊர்ந்து நாங்கள் பெசன்ட் நகர் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழேகால். நன்றாக இருட்டிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தாள். யாரோ கழற்றி வைத்திருந்த செருப்பில் தடுக்கி விழப் பார்த்தாள். "கீழ பாத்து நடக்கமாட்டே?" என்று அதட்டினேன். நின்றபிறகும் கடல் பக்கம் அவள் திரும்பவே இல்லை. வெளிச்சமாக இருந்த பஜ்ஜிக் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பசி போலிருக்கிறது என்று ஒரு பிளேட் வாங்கிக் கொடுத்தேன். ஐயோ, வாங்கிக் கொடுத்தேனே!

"நன்னா காத்து வரது அண்ணா" என்றாள்.

"ஆச்சு, கடலும் பாத்தாச்சு" என்று கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசி நாள் மத்தியானம் அடையாறில் என் மாமா பிள்ளை கல்யாணராமன் வீட்டில் சாப்பாடு. வழக்கமாக வருகிற இனாயத்தின் ஆட்டோவில் போனோம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அடையாறு சிக்னலில் நிற்கும்போது சாரு முன்னால் குனிந்து, "பாய், பெசன்ட் நகர் பீச்சுக்கு விடறேளா? பத்தே நிமிஷம்" என்றாள். ஒரு தடவைக்கு மேல் கேட்காதவள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். எனக்கு அதுகூட உறைக்கவில்லை.

"இன்னாம்மா, தோ கீது. அஞ்சு நிமிசத்துல வுட்டுர்றேன்" என்றார் இனாயத். "சார், ஆசப்படுறாங்க. பாத்துக்கினு வந்துரலாம்."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுய்யா" என்று அவர் மேல் எரிந்து விழுந்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "நீ என்ன சின்னக் குழந்தையா? மணி பன்னெண்டரை. அங்க இலையைப் போட்டுண்டு காத்துண்டிருக்கா. அதான் அன்னிக்கே காட்டினேனே! கடல் கடல்னு ஏன்டி என் பிராணனை வாங்கறே?"

பக்கத்தில் நின்ற பைக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். சாரு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிண்ணா" என்றாள். இனாயத் கல்யாணராமன் வீட்டுத் தெருவில் வண்டியைத் திருப்பினார். அங்கே அவியலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்று சாயங்காலம் ரயில் ஏற்றிவிட்டேன்.

நவம்பரில் மதுமதி போன் பண்ணினாள். "மாமா, அம்மாக்கு இப்போ சுத்தமாத் தெரியலை" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ரூமை அம்மாவுக்காகத் தேடிப் பிடித்ததே அவள்தானாம். நாலு நாளும் ஜன்னலண்டையே உட்கார்ந்து கண் நிறையப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னாளாம் சாரு. போனை வைத்துவிட்டு விசாலாக்ஷியிடம் அப்படியே சொன்னேன். அவள் உள்ளே போய் என் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே நாக்பூருக்கு ரயில் ஏறினேன். நான் போனபோது சாரு கூடத்தில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி அப்பவே சொல்லலை?" என்றேன்.

"சொல்லியிருந்தா என்னை டாக்டர் டாக்டரா இழுத்துண்டு அலைஞ்சிருப்பே. அப்பவும் பீச்சுக்குப் போயிருக்கமாட்டோம்" என்று சிரித்தாள்.

அறுபத்தைந்து வயதில், தங்கை எதிரில் விக்கி விக்கி அழுதேன். பாவி நான், மன்னிச்சுடு என்றேன்.

"சீ, என்ன அண்ணா இது. கடல் போனாப் போறது. எல்லார் மூஞ்சியும் எங்கிட்ட இருக்கே. விசாலாக்ஷி மன்னி, மாம்பலம் அத்தை, கல்யாணராமன் எல்லாரும் இருக்கா. வேணுங்கறச்சே ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாத்துக்கறேன்."

"நான்?" என்றேன்.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "உன்னை நினைச்சுண்டா, அன்னிக்கு ஆட்டோல கத்தினியே, அந்த மூஞ்சிதான் அண்ணா வரது. நானும் எத்தனையோ பாத்துட்டேன். என் கல்யாணத்துல இருந்த மாதிரி, சின்ன வயசுல இருந்த மாதிரி, வேற எதுவும் வரமாட்டேங்கறது. கடைசியா நல்ல வெயில்ல, கிட்டக்க நன்னாப் பாத்தது அதான் போலருக்கு."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதடு கோணிக்கொண்டு வந்ததையும் மீறிச் சிரித்தேன்.

"சாரு, இப்போ நான் சிரிச்சுண்டிருக்கேன்டி" என்றேன்.

"அப்படியா அண்ணா?" என்றாள்.