அவிழ்த்த துணி

என் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் ஒரு முழ நீளச் சிவப்புத் துணி கிடக்கிறது. பழைய சேலையிலிருந்து கிழித்தது. மூன்று வருடமாக அங்கேயே கிடந்து, பெட்ரோல் வாசனையும் மழைக்கோட்டின் புழுக்கமும் ஏறி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. இருக்கையைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன், உடனே மூடுவேன். எறிந்துவிடலாம். எறிந்தால் நான் செய்ததற்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். அந்தச் சலுகையை எனக்கு நானே கொடுக்க மனம் வரவில்லை.

எங்கள் மலையடிவாரத்தில் இந்தத் துணிக்கு ஒரு பொருள் உண்டு. மரவள்ளிக்கிழங்கை மரச்சீனி என்போம்; அது விளையும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு வருடத்து உழைப்பை ஒரே இறக்கத்தில் கிளறிப் போட்டுவிடும்; அதை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். அதற்காக விளை என்கிற தோட்டத்தைச் சுற்றிக் கம்பி இழுத்து, பம்ப் கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுப்பார்கள். அந்தி சாயும்போது போட்டு, விடிந்ததும் அணைப்பார்கள். சட்டத்துக்கு விரோதம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பேசாமலிருப்பதற்கு ஈடாக ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கம்பி இழுத்தவன் பாதை தொடங்குமிடத்து ரப்பர் மரத்தில் சிவப்புத் துணி கட்டவேண்டும். துணியைப் பார்த்தவன் வேறு வழி போகவேண்டும். தப்பு செய்கிறவர்களிடமும் இப்படியொரு மரியாதை இருக்கிறதே என்று நான் ஒரு காலத்தில் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்று நினைத்தால் வாய் கசக்கிறது.

அந்தத் துணியை ஊரில் யாரைக்காட்டிலும் கூர்ந்து பார்த்தவள் மைனி, என் அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் நர்ஸாக இருந்துவிட்டு, ஐம்பத்தைந்தாம் வயதில் பாறசாலைக்குத் திரும்பி வந்தவள். ஏசிக்குள்ளேயே கிடந்து கால் மரத்துப்போச்சு, இனி சாகிறதுவரை வெளியே நடக்கப்போகிறேன் என்றாள். அண்ணன் அதை வேலையில்லாதவள் நடப்பு என்றான். வந்த மாதமே உதியன்குளங்கரை சந்திப்பில், மழைநீர் ஓடும் ஓடைக்குழாய்க்குள் மாட்டிக்கிடந்த ஒரு குட்டிநாயை முழங்கைவரை கைவிட்டு இழுத்தெடுத்தாள். தவிட்டு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். மீன் வயிற்றுக்குள் கிடந்து வெளியே வந்தவன் என்று யோனா எனப் பெயர் வைத்தாள். போதகர் வீட்டுக்கு வந்தபோது, தீர்க்கதரிசியின் பேரை நாய்க்கு வைக்கலாமா என்று முகம் சுளித்தார். மைனி சாயாவை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “அவரும் சொன்ன பேச்சு கேக்காதவருதானே போதகரே. இவனும் அப்பிடித்தானாக்கும்.” போதகர் சாயாவைக் குடித்தார்.

சனிக்கிழமைதோறும் விடியலில் என் வாசலில் அவள் குரல் கேட்கும். “எலே மக்கா, வாறியா இல்லியா? நாயி ரெடியாக்கும்.” எனக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத கால்கள். பஸ்ஸில் வெள்ளறடைவரை போய், அங்கிருந்து மலையேறுவோம். மைனியின் காலில் ஆஸ்பத்திரிக்குப் போட்ட அதே வெள்ளை ஷூ. ரப்பர் ஷீட் உலரும் வாசனை முதலில் வரும்; அது தேய்ந்து இஞ்சிப்புல்லின் வாசனை எழும்; பிறகு ஈரப்பாறையின் வாசனை, அதற்குப் பெயரில்லை. யோனா முன்னே போவான். வளைவுக்கு வளைவு நின்று திரும்பிப் பார்த்து, நாங்கள் இரண்டுபேரும் வருகிறோம் என்று உறுதியான பிறகுதான் நகருவான். ஒருவர் பின்தங்கினால் அப்படியே உட்கார்ந்துவிடுவான். மலை இறங்கி நெய்யாற்றுக்குப் போகும் ஓடையின் கரையில், ஈற்றை மூங்கில்காட்டு நிழலில், வேகவைத்த மரச்சீனியும் காந்தாரிமிளகு அரைத்த சம்மந்தித் துவையலும் தின்போம். அவனுக்கு அவித்த முட்டை. தின்றுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, ஓடுகிற நீரைப் பார்த்துக் குரைப்பான். போகிற தண்ணீரைப் போகவிடாமல் நிறுத்தப் பார்க்கிறான், இவன் நர்ஸாகவேண்டியவன் என்று மைனி சிரிப்பாள். நாலு வருடம் அப்படி நடந்தோம். அண்ணனின் விளையும் அந்த மலைச்சரிவில்தான், மேல்பாதையோரம். அங்கே துணி தொங்கினால் ஓடைவழியாகப் போவோம். ஒவ்வொரு முறையும் அவள் நின்று, மரத்தைப் பார்த்து, துணி இருக்கிறதா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்வாள். மருந்து கொடுக்குமுன் சீட்டை வாசிக்கிற பழக்கம்.

அந்த வருடம், முதல் விளைச்சலை ஆலயத்தில் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை அடைமழை. நடக்கப் போகவில்லை. அந்தியில் மழை விட்டபோது அண்ணன் போனில் கூப்பிட்டான். வனத்துறை ஜீப் வரப்போகிறதென்று செய்தியாம். கம்பியை வெறும் வேலி என்று சொல்லிக்கொள்ளலாம், துணி அப்படிச் சொல்லவிடாது. “மக்கா, நீ அந்த வழிக்குத்தானே வாற. அந்தத் துணிய ஒண்ணு எடுத்துரு.” நான் வெள்ளறடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தி, நனைந்த முடிச்சை நகத்தால் அவிழ்த்து, இருக்கைக்கு அடியில் திணித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மைனிக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நாளை ஞாயிறு, பண்டிகை வேறு, அவள் எங்கே போகப்போகிறாள் என்றும் தோன்றியது. இரண்டாவது தோன்றியது எனக்கு வசதியாக இருந்தது.

ஞாயிறு காலை அண்ணன் இருட்டோடு எழுந்து, விளையின் முதல் மரச்சீனியை மினிலாரியில் ஏற்றி ஆலயத்துக்குப் போனான். வேர் அறுபடாமல், ஆள் உயரச் செடியோடு பிடுங்கியது. ஏலத்தில் அவன் பேர் சொல்லப்படவேண்டுமே. அந்த அவசரத்தில் பம்ப் கொட்டகையின் சுவிட்சை மறந்தான். சனிக்கிழமை நடக்காத கால் அரித்த மைனி, ஆராதனைக்குப் பிந்தி வந்துகொள்ளலாம் என்று யோனாவுடன் மலைக்குப் போனாள். ஓடை பெருகிக் கிடந்தது. மேல்பாதைக்குத் திரும்பினாள். மரத்தைப் பார்த்தாள். துணி இல்லை. நாயின் சங்கிலியை அவிழ்த்துவிட்டாள்.

அவன் கடைசியாக எழுப்பிய சத்தம் குரைப்பு இல்லை என்று மட்டும் பிறகொருநாள் சொன்னாள். ஓடிப்போய்த் தொடவில்லை அவள். கொட்டகைக்குப் போய் பியூஸைப் பிடுங்கிவிட்டு வந்து, ஈரமண்ணில் மண்டியிட்டு, மனிதருக்குச் செய்வதுபோலவே அந்த நெஞ்சை அழுத்தியிருக்கிறாள். கை ஓய்ந்தபின்தான் நிறுத்தினாள்.

ஆலய வளாகத்தில் ஏலம் சூடாக இருந்தது. ஏலம் விடுகிறவர் அண்ணனின் மரச்சீனியைத் தோளுக்குமேல் தூக்கிப்பிடித்து, பன்றிக்குத் தப்பின மரச்சீனி என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். மைனி வாசலில் வந்தாள். வெள்ளை ஷூ செம்மண்ணாயிருந்தது. கையில் துப்பட்டாவில் பொதிந்த யோனா, மடங்கிய காது வெளியே. கூட்டம் தானாக வழிவிட்டது. பூசணிக்கும் வாழைக்குலைக்கும் நடுவே அவனைக் கிடத்தினாள். அழவில்லை. அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்:

“அந்தத் துணிய ஆராக்கும் எடுத்தது?”

பத்தடி தள்ளி என் ஸ்கூட்டர் நின்றது. அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னான், இன்றும் என் காதில் புழுப்போல நெளிகிற வாக்கியம்: “ஒரு நாயில்லியா போச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல்லியே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லு.” நாலைந்துபேர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சங்கிலியை அவள் ஒரு நொடி பிந்தி அவிழ்த்திருந்தால் அவளையும் சேர்த்துத் தூக்கிவந்திருப்போம். அப்போதும் இவர்கள் ஏதாவதொன்றுக்கு ஸ்தோத்திரம் கண்டுபிடித்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ சாக்கு கொண்டுவந்தார்கள். ஏலம் தொடர்ந்தது. மரச்சீனி நல்ல விலைக்குப் போனது. நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் என்றால் எனக்கு அந்தக் காலைதான். அண்ணன்மேல், சிரித்த கூட்டத்தின்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மண்ணைப் பார்த்த என் கண்மேல்.

அந்த மாதமே மைனி கோட்டுகாலில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். நாய்க்காகப் புருசனை விட்டவள் என்று ஊரில் பேச்சு. நாய்க்காக இல்லை. கேட்ட கேள்விக்கு ஒரு வளாகம் நிறைய ஆட்களில் ஒருவனும் பதில் சொல்லாத ஊரில் அவள் எதற்காக இருக்கவேண்டும்? என்னிடம் மட்டும் முன்போலவே பேசுவாள். கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுத்துவிடுவாள். அதைத் தின்றேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

போன வாரம் காலையில் அண்ணன் கூப்பிட்டான். பண்டிகை வருகிறது, மரச்சீனி நிற்கிறது, கம்பி மறுபடி ஏறியிருக்கிறது. “மக்கா, இன்னைக்கு ஜீப் வருமாம். அந்தத் துணிய ஒண்ணு எடுத்துரு.” அதே குரல், ஒரு சொல் மாறவில்லை. மூன்று வருடத்தில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த வாக்கியத்தில் தெரிந்தது. வாறேன் என்று மட்டும் சொன்னேன்.

ரப்பர் மரத்தில் புதுத் துணி தொங்கியது, பளீரென்று. அவிழ்க்கவில்லை. இருக்கையைத் திறந்து பழையதை எடுத்து, அதன் பக்கத்திலேயே கட்டினேன். பிறகு மைனியைக் கூப்பிட்டேன்.

“மைனி, அன்னைக்கு துணிய எடுத்தது நானாக்கும்.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவேண்டும் என்றும் காத்திருந்தேன்.

“இப்போ எங்க நிக்க?”

“அந்த மரத்து மூட்டுல.”

“கம்பில கரண்டு உண்டா?”

“தெரியல்ல மைனி.”

“தெரியல்லேன்னா உண்டுன்னு வச்சுக்க. எலே, அங்கயே நில்லு. ஜீப்பு வாறதுவரை ஒருத்தரையும் உள்ள விடண்டாம்.” போனை வைத்துவிட்டாள். மன்னித்தாள் என்று அதற்கு அர்த்தமில்லை. மக்கா என்று சொல்லவில்லை.

நின்றேன். ரப்பர்ப்பால் எடுக்க வந்த இரண்டு பெண்களைத் திருப்பி அனுப்பினேன். அண்ணன் நாலுமுறை கூப்பிட்டான், எடுக்கவில்லை. தலைக்குமேல் இரண்டு துணிகளும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன, புதியது சத்தமாக, பழையது சத்தமில்லாமல். கீழே வளைவில் ஜீப் கியர் மாற்றும் ஒலி கேட்டது. பாதையின் நடுவுக்கு வந்து கையைத் தூக்கினேன்.