வாய் திறக்காத பெறக்கிராசி

வட்டுக்கோட்டையிலிருந்து கண்டிக்கு வந்து சட்டம் படித்த செல்லப்பாவுக்குப் புத்தகமெல்லாம் மனப்பாடம். எழுந்து நின்று பேசுவதுதான் முடியாத காரியம். கோட்டில் வழக்குப் பேச உரிமை தரும் பெறக்கிராசிப் பரீட்சையில் நீதிபதி வாய்மொழியாகக் கேள்வி கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த முறை தேறவில்லை.

மறு வருஷம் துணைக்கு நின்றவன், கோப்பிக் கடையில் மூட்டை நிறுக்கும் அலவத்துகொடைப் பளீல். பின்னேரங்களில் ஒரு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து நீதிபதிபோல முகத்தை இறுக்கிக்கொள்வான்.

“நாந்தான் தொர. ம், பேசுங்க.”

“முதல் வசனம் வந்தா மிச்சம் தானா வரும் பளீல். அதுதான் வருகுதில்லை.”

“அப்ப அத மட்டும் நூறு தரம் சொல்லுங்க.”

சொன்னார். 1869இல் தேறினார்.

முதல் வழக்கு கூலியாள் அழகருடையது. தெல்தெனியப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்திலிருந்து, அறிவிக்காமல் ஓடிப்போனதாகக் குற்றச்சாட்டு; அந்நாளில் அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. பேதி கண்ட மனைவியை முதுகில் சுமந்துகொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர் அவர். அவள் வழியிலேயே இறந்துபோனாள்.

“இவர் ஓடிப்போகவில்லை.” இந்த ஒரு வசனத்தைச் செல்லப்பா மூன்று நாள் சொல்லிப் பழகினார். ஆனால் அவர் வாய் திறக்குமுன்னே நீதவான் வேறெதையோ கேட்டார். பழகிய வசனம் போன இடம் தெரியவில்லை. நீதவான் இரண்டாம் முறையும் கேட்டுக் காத்திருந்தார். செல்லப்பா மேசையைப் பிடித்தபடியே நின்றார்.

அழகருக்கு ஒரு மாத மறியல்.

வெளியே கொண்டுபோகும்போது அழகர் நின்றார். “விடுங்க ஐயா. அவளப் பத்திப் பேச எனக்குந்தான் வாய் வரல.”

செல்லப்பாவுக்குத் துக்கத்தால் பேச்சடைத்ததென்று அழகர் நினைத்துக்கொண்டார். செல்லப்பா மறுத்துச் சொல்லவில்லை. அதுவே பின்னாளில் அவரை அதிகம் வதைத்தது.

அன்றே மேன்முறையீடு எழுதினார். எழுத்தில் நடுக்கம் இல்லை. தீர்ப்பு ரத்தாகி வந்தபோது அழகர் முழு மாதத்தையும் கழித்துவிட்டு வெளியேறியிருந்தார். செல்லப்பா கடதாசியோடு தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். அங்கே அழகரின் அக்கா ராக்கம்மா மட்டும் இருந்தாள்.

“அவன் கடல் தாண்டி நம்ம சீமைக்கே போயிட்டான் ஐயா.”

“அவர் ஓடிப்போகேல்லை எண்டு பெரிய கோடு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது அம்மா.”

“அது எங்களுக்குத் தெரியுமேங்க.”

அடுத்த திங்கட்கிழமை செல்லப்பாவுக்கு இன்னொரு வழக்கு இருந்தது. போகாமல் விடலாமா என்று கோட்டு வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். குரல் நடுங்கியது. பேசினார். சாகும்வரை அந்த நடுக்கம் அவரை விடவில்லை.